லிஃப்ட் இல்லாத வாசலில் கியர்பாக்ஸ்

டிராக்டரின் கிளட்ச் தேய்ந்துவிட்டால் வண்டியை நடுவே இரண்டாகப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும். மாசி ஃபெர்குசன் 135 மாதிரியான பழைய டிராக்டர்களுக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றையும் போல்ட் போட்டு இணைத்தால் அதுவே வண்டி. முன் ஆக்சில் ஆடாமலிருக்க இரு பக்கமும் மர ஆப்பு அடிப்பார்கள். எஞ்சினுக்கு அடியில் ஒரு ஜெக், கியர்பாக்ஸுக்கு அடியில் இன்னொரு ஜெக். போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு பாதியை மெல்ல உருட்டி விலக்குவார்கள். தோட்டத்து ஸ்டோருக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில், எண்ணெய் ஊறிய சிமெண்டுத் தரையில், ஃபிட்டரும் அவருடைய கையாளும் செய்துவந்த வேலை இது. லிஃப்ட் என்ற பேச்சு அங்கே எழுந்ததே இல்லை.

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், மேலே சபாக் பெர்ணம் வரை தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் காடி வேலை தெரிந்த கைகள் நிறைய உண்டு. அந்தத் திறமையின் ஊற்றுகளில் ஒன்று தோட்டத்துக் கொட்டகை. இன்னொன்று ஈயச் சுரங்கப் பட்டறைகள். பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட காலத்தில் பெஸ்தாரி ஜெயா ஈயம் தோண்டும் பெரிய கப்பல்கள் ஓடிய ஊர். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கிய தென்னமரம் தோட்டமும் அங்கேதான். தோட்டமும் ஆலையும் சுரங்கமும் அருகருகே இருந்த வட்டாரத்தில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவனுக்குப் பஞ்சம் வர வழியில்லை.

ஆகவே, சொந்தக் காடியின் மேனுவல் கியர்பாக்ஸை லிஃப்ட் இல்லாமல் வீட்டு வாசலில் மாற்றலாமா என்ற கேள்வி இங்கே புதியது இல்லை. ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில்கள் இரண்டு எல்லைகளில் நிற்கின்றன. பட்டறைக்காரர்கள் 'உயிரோடு விளையாடாதே' என்பார்கள். செய்து பழகியவர்கள் 'ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்' என்பார்கள். இரண்டு தரப்பும் லிஃப்ட்டையே பார்க்கிறது. லிஃப்ட் தருவது உயரத்தை மட்டும். உயரம் இல்லாமலும் இந்த வேலை நடக்கும். இறுகிய தரை, கூட நிற்கும் இன்னொரு ஆள், இறக்கியே ஆகவேண்டிய பெட்டிதானா என்ற தீர்மானம் ஆகியவை இல்லாமல் நடக்காது. வட சிலாங்கூரில் இந்த மூன்றும் எப்படிக் கிடைக்கின்றன, எப்படிக் கிடைக்காமல் போய்க்கொண்டிருக்கின்றன என்பதை வைத்தே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

முதலில் காடியின் அமைப்பு. எழுபதுகளில் தோட்டத்துக் கிராணிமார் வாசலிலும் டாக்சி நிலையங்களிலும் நின்ற டாட்சன் 120ஒய் பின்சக்கர இழுவைக் காடி. எஞ்சின் நீளவாக்கில் இருக்கும், அதன் வாலில் கியர்பாக்ஸ், அங்கிருந்து பின்னால் ஓடும் நீண்ட தண்டு. அந்தத் தண்டைக் கழற்றி, குறுக்குச் சட்டத்தை அவிழ்த்து, மேலிருந்து கியர் கம்பியை உருவி, எஞ்சினோடு இணைக்கும் பெல் போல்ட்டுகளை எடுத்தால் பெட்டி பின்னோக்கி நழுவி நெஞ்சின் மேல் வந்து உட்காரும். நெஞ்சின் மேல் என்று சொல்வது மிகையே இல்லை. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் மல்லாந்து படுத்துப் பெட்டியை உடம்பில் ஏந்தித்தான் இறக்கினார்கள். அதை இன்று வீரக்கதையாகச் சொல்வார்கள். கேட்டு ரசிக்கலாம், பின்பற்றக் கூடாது.

1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தபோது எல்லாம் மாறிவிட்டது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடியாகக் கொண்ட அந்தக் காடி முன்சக்கர இழுவை. எஞ்சின் குறுக்காக, அதன் ஒரு முனையில் கியர்பாக்ஸ், பெட்டிக்குள்ளேயே டிஃபரன்ஷியல், இரு பக்கமும் நீளம் வேறுபட்ட இரண்டு டிரைவ் ஷாஃப்ட். இந்த ஏற்பாட்டை இத்தாலியில் ஃபியட்டின் பொறியாளர் தாந்தே ஜியகோசா 1964இல் ஆட்டோபியாங்கி பிரிமூலா என்ற சிறு காடியில் முதலில் செய்துகாட்டினார். அதற்கு முன் 1959இல் வந்த பிரிட்டிஷ் மினியில் கியர்பாக்ஸ் எஞ்சினுக்குக் கீழே, எண்ணெய்த் தொட்டிக்குள் இருந்தது. கிளட்ச்சைத் தாண்டிப் பெட்டியைத் தொட வேண்டுமானால் எஞ்சினையும் சேர்த்துத் தூக்க வேண்டும். ஜியகோசா எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்ததால்தான் எஞ்சினைக் காடியிலேயே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் பக்கவாட்டில் விலக்கிக் கீழே இறக்க முடிகிறது. 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் முதல் விரா, வாஜா, கெலிசா, விவா, முதல் மைவி வரை வட சிலாங்கூர்ச் சாலைகளை நிரப்பிய மேனுவல் காடிகள் எல்லாம் இந்த வழிவந்தவைதான். வீட்டில் கியர்பாக்ஸ் மாற்றும் பழக்கம் இங்கே இத்தனை நாள் நிலைத்ததற்கு இந்த அமைப்பு முக்கியமான காரணம். சாகா வகைப் பெட்டி எண்ணெய் வடித்த பிறகு முப்பது கிலோவை ஒட்டி வரும். கஞ்சிலின் பெட்டி அதைவிட இலகு. இரண்டு பேர் கையாளக்கூடிய எடை.

இனி தீர்மானம். வாசலில் இறக்கப்படும் கியர்பாக்ஸ்களில் பல இறக்க வேண்டியவையே இல்லை என்பது என் எண்ணம். 'பாக்ஸ் போச்சு அண்ணே' என்று சொல்லி வருபவர் உண்மையில் சொல்வது கியர் விழவில்லை, அல்லது சத்தம் வருகிறது, அல்லது எஞ்சின் கத்துகிறது, காடி நகரவில்லை என்பதே. இந்த மூன்றும் மூன்று வேறு நோய்கள்.

எஞ்சின் வேகம் ஏறுகிறது, காடி ஏறவில்லை என்றால் கிளட்ச் தட்டு வழுக்குகிறது. ஈஜோக் பக்கத்துச் செம்மண் சாலையில் நாலு பேரையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு பாதிக் கிளட்ச்சில் ஓடும் கஞ்சிலுக்கு இது சீக்கிரமே வரும். தட்டை மாற்றப் பெட்டியை விலக்கத்தான் வேண்டும், ஆனால் பெட்டியையே மாற்ற வேண்டியதில்லை. எஞ்சின் ஓடும்போது எந்தக் கியரும் விழாமல், நிறுத்தியபின் எல்லாம் சுலபமாக விழுந்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். சாகாவிலும் கஞ்சிலிலும் கிளட்ச்சை இழுப்பது கேபிள். கேபிள் நீண்டிருக்கும், அல்லது பெடல் பக்கத்துத் தகடு வளைந்திருக்கும். அதைச் சரிசெய்ய ஜெக்கே தேவையில்லை. கியர் கம்பி இலக்கில்லாமல் ஆடினால் கீழே இணைப்பின் புஷ் தேய்ந்திருக்கலாம். முடுக்கும்போதும் விடும்போதும் கியர் கம்பி தானாக முன்பின் போய்வந்தால் எஞ்சின் மவுண்டிங்கைப் பார்க்க வேண்டும். குண்டும் குழியுமான தோட்டச் சாலை முதலில் தின்பது அந்த ரப்பரைத்தான்.

பெட்டிக்குள் உண்மையாகவே கோளாறு என்றால் அதற்கும் ஒழுங்கான அடையாளங்கள் உண்டு. ஒரு குறிப்பிட்ட கியருக்கு மட்டும், பெரும்பாலும் இரண்டாவதுக்கு இறக்கும்போது, கரகரவென்று உரசினால் அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது. நியூட்ரலில் நிற்கும்போது ஒரு முனகல் கேட்டு, கிளட்ச்சை மிதித்ததும் அது நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதித்தால்தான் சத்தம் வருகிறதென்றால் ரிலீஸ் பேரிங், அது பெட்டிக்கு வெளியே உள்ளது. ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் தானாக வெளியே துள்ளினால் உள்ளே பற்களோ ஃபோர்க்கோ தேய்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம். இவற்றையெல்லாம் கேட்டறிய ஒரு நிழலான இடமும் பொறுமையும் போதும். அதைச் செய்யாமல் நேரே பழைய காடிகளைப் பிரித்து விற்கும் கெடாய் போத்தோங்குக்குப் போய்ப் பழைய பெட்டி வாங்கி வருபவர்கள் ஒரு நோய்க்கு வேறொரு நோயை மாற்றிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. டிரைவ் ஷாஃப்ட் சீல் கசிந்து எண்ணெய் குறைந்த பெட்டி முதலில் முனகும், பிறகு சூடேறும், பிறகு சாகும். முனகும் கட்டத்திலேயே சீலை மாற்றி எண்ணெயை நிரப்பியிருந்தால் போதும். இந்த வகைப் பெட்டிகள் எடுப்பது இரண்டு லிட்டரை ஒட்டிய எண்ணெய்தான். எஞ்சின் எண்ணெயை நேரம் பார்த்து மாற்றுபவர்கூட கியர் எண்ணெயின் அளவைத் திறந்து பார்ப்பதில்லை. அதை எட்டிப் பார்க்க ஒருவர் காடிக்கு அடியில் போக வேண்டும் என்பதே அதற்குக் காரணமாக இருக்கும்.

எண்ணெயின் தரமும் கவனிக்க வேண்டியது. கடையில் ஜிஎல்-5 கையில் கிடைத்தால் 'உயர்ந்த எண்தானே, நல்லதாகத்தான் இருக்கும்' என்று வாங்கிவிடுவார்கள். ஜிஎல்-5 பின் ஆக்சிலின் கடும் அழுத்தத்துக்காகச் செய்தது. அதில் கூடுதலாகச் சேரும் கந்தக, பாஸ்பரஸ் மருந்துகள் சில பெட்டிகளின் பித்தளைச் சிங்க்ரோ வளையங்களுக்கு ஒத்துவராது, வளையம் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். காடியின் கையேடு ஜிஎல்-4 என்றால் அதையே ஊற்ற வேண்டும்.

பெட்டி இறங்கியே ஆகவேண்டும் என்று முடிவானால் அடுத்தது தரை. கோல சிலாங்கூர் கடற்கரைப் பகுதியின் மண் கடல் களிமண். மண்ணியலாளர்கள் அதற்கு வைத்த பெயரே சிலாங்கூர் தொடர். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் குழையும். உள்ளே தள்ளி ராஜா மூசா பக்கம் போனால் எழுபதாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்த கரிச்சதுப்புக் காடு. அதன் ஓரத்து மண் இன்னும் மோசம். காலையில் இறுகிய மண் என்று நினைத்து ஜெக் ஸ்டேண்ட் வைத்தால் பிற்பகல் மூன்று மணி மழைக்குப் பிறகு அதன் கால்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு இறங்கியிருக்கும். ஏப்ரல், அக்டோபர், நவம்பரில் இந்த வட்டாரத்தில் பிற்பகல் இடிமழை தவறுவது அரிது. பெட்டி பாதி விலகிய நிலையில் மழை வருவதுதான் இந்த வேலையின் மிகக் கெட்ட நேரம்.

கான்கிரீட் தரை இல்லாதவர் இந்த வேலையைத் தொடக்கூடாது என்பதே என் கருத்து. தடித்த பலகையோ பழைய ரயில் கட்டையோ போட்டு எடையைப் பரப்பலாம் என்பார்கள். மலைப்பாங்கான உலு சிலாங்கூரின் இறுகிய செம்மண்ணில் அது ஓரளவு நிற்கும், கடற்களிமண்ணில் நிற்காது. பழைய லயத்து வீடுகளுக்கு முன்னால் ஓடிய சிமெண்டுத் தாழ்வாரமும் இதற்கு உதவாது. மெல்லிய பூச்சு, ஓரங்களில் வாய்க்காலை நோக்கிச் சரிவு. தாமான் வீடுகளின் காடி நிறுத்தும் இடம் சற்றுப் பரவாயில்லை, ஆனால் அங்கேயும் தண்ணீர் வடியச் சரிவு வைத்துத்தான் கட்டுவார்கள். டைல்ஸ் பதித்திருந்தால் ஸ்டேண்டின் கால் அதை உடைக்கும், உடைந்த துண்டில் கால் நழுவும்.

குழி தோண்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தோட்டத்து லாரிகளுக்குப் பெரிய பட்டறைகளில் குழி இருந்தது. கரையோரத்தில், நீர்மட்டம் இரண்டு முழம் தோண்டினாலே எட்டிப் பார்க்கும் மண்ணில், குழி குளமாகிவிடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியில் இறங்கித் தங்கும். வீட்டுக்குக் குழி ஆகாது. சக்கரம் ஏறி நிற்கும் இரும்புச் சாய்தளமும் ஆகாது, அதற்குக் காரணம் வேறு. முன்சக்கர இழுவைக் காடியில் டிரைவ் ஷாஃப்ட்டுகளை உருவ இரண்டு முன்சக்கரங்களும் கழன்று, சஸ்பென்ஷன் தொங்கியாக வேண்டும். சாய்தளத்தில் சக்கரம்தான் காடியைத் தாங்குகிறது. எண்ணெய் மாற்ற அது போதும், கியர்பாக்ஸுக்கு உதவாது. மிச்சமிருப்பது நான்கு ஜெக் ஸ்டேண்டுகள்தான். அவற்றையும் சன்னக் காலுள்ள மலிவுச் சரக்காக வாங்கக் கூடாது. 2020இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவிக் கடைச் சங்கிலி தன் ஜெக் ஸ்டேண்டுகளில் பல் நழுவி இறங்கும் குறை இருந்ததால் திரும்பப் பெற்றது. மாற்றாகக் கொடுத்தவற்றிலும் பற்றவைப்புக் குறை கண்டு அவற்றையும் திரும்பப் பெற்றது. ஆகவே ஸ்டேண்டை நம்பி அடியில் போவதற்கு முன், கழற்றிய இரண்டு சக்கரங்களையும் படுக்கவைத்துச் சட்டத்துக்கு அடியில் தள்ளிவிடுவது நல்ல பழக்கம். ஹைட்ராலிக் ஜெக் தூக்குவதற்கு மட்டும். அதன் மேல் நிற்கும் காடிக்குக் கீழே தலையை நீட்டக் கூடாது.

எஞ்சினை மேலிருந்து தாங்கும் விஷயத்தில் வட்டாரப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மரக்கிளையில் செயின் புளோக் கட்டித் தொங்கவிடுவது. செம்பனையில் கிளையே கிடையாது. ரப்பர் மரத்தில் கிளை உண்டு, ஆனால் காற்றுக்கே முறிகிற மரம் அது. மாமரமும் ரம்புத்தானும் வீட்டுக்காரர் நினைப்பதைவிடப் பலவீனமானவை. மூன்று குழாய்களைச் சேர்த்துக் கட்டிய முக்காலி இதைவிட நல்லது, ஆனால் அதன் கால்கள் வெளியே சரியாமல் சங்கிலி போட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட எளியது, இரண்டு ஃபெண்டர் ஓரங்களிலும் ரப்பர் வைத்து அவற்றின் மேல் குறுக்காக ஒரு கனத்த இரும்புக் குழாயைக் கிடத்தி, எஞ்சினின் தூக்கு வளையத்திலிருந்து அதற்குச் சங்கிலி போட்டு இறுக்குவது. இதற்கென்றே விற்கும் கருவியும் இதே தத்துவம்தான். சாகா, கஞ்சில் அளவு எஞ்சினுக்கு இது தாராளம். கீழே எண்ணெய்த் தொட்டிக்கு ஜெக் கொடுத்து எஞ்சினைத் தாங்கலாம், நடுவில் அகலமான மரப்பலகை இருந்தால். பலகை இல்லாமல் ஜெக்கின் தலை நேரே தொட்டால் தொட்டி குழிந்து எண்ணெய் உறிஞ்சும் குழாயை அடைத்துவிடும். அப்படி நடந்தால் கியர்பாக்ஸ் வேலை எஞ்சின் வேலையாகிவிடும்.

கழற்றும் வேலை ஒரு வரிசையில் போகிறது. அதை ஒவ்வொரு படியாக இங்கே எழுதத் தேவையில்லை. பேட்டரி, அதன் தட்டு, காற்று வடிகட்டி, கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் விளக்கு வயர், ஸ்டார்ட்டர் என்று மேலே உள்ளதெல்லாம் பொறுமை வேலை. புதியவர் தவறுவது சில இடங்களில்தான். டிரைவ் ஷாஃப்ட்டின் ஹப் நட்டை நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கத் தளர்த்திவிட வேண்டும். காடியைத் தூக்கிய பிறகு நீண்ட குழாய் மாட்டி அந்த நட்டோடு மல்லுக்கட்டினால் காடியே ஸ்டேண்டிலிருந்து சரியும். வீட்டு வேலையில் காடி விழும் தருணங்களில் முதலில் எண்ண வேண்டியது இதை. ஷாஃப்ட்டை உருவும்போது பெட்டியின் ஓரத்தில் நெம்பித் தள்ள வேண்டும். ஷாஃப்ட்டைப் பிடித்து இழுத்தால் உள்ளே மூட்டு பிரிந்துவிடும். சில பெட்டிகளில் இரு ஷாஃப்ட்டும் வெளியே வந்ததும் டிஃபரன்ஷியலுக்குள் உள்ள பக்கக் கியர்கள் இடம் மாறி விழுந்துவிடும். பழைய ஷாஃப்ட் துண்டையோ பொருத்தமான தடித்த குச்சியையோ உடனே செருகி வைப்பது அதற்காக.

மவுண்டிங்கை அவிழ்த்து, பெல் போல்ட்டுகளை எடுத்த பிறகு வரும் அரைமணி நேரத்துக்குத்தான் இரண்டாவது ஆள் தேவை. பெட்டி டோவல் பின்களிலிருந்து விலகி நேராகப் பக்கவாட்டில் வர வேண்டும். இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் தட்டின் நடுப்பல்லிலிருந்து முழுதாக வெளிவரும்வரை பெட்டியின் எடை முழுவதும் ஜெக்கிலும் கையிலும் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் அதை அந்தத் தண்டில் தொங்கவிட்டாலும் தட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். வளைந்த தட்டு புதிதாகப் போட்ட பிறகும் கிளட்ச்சை விடுவிக்காது, மறுபடியும் எல்லாவற்றையும் இறக்க வேண்டிவரும். பெட்டி வெளியே வருவதற்கு அதன் பெல் பகுதி நுழையும் அளவு இடைவெளி வேண்டும். ஏறக்குறைய அரை மீட்டர் உயரம், சக்கர வளைவு வழியாகப் பக்கவாட்டில் இழுத்தால் கொஞ்சம் குறைவு. இந்த வேலைக்குத் தேவையான உயரம் அவ்வளவே. லிஃப்ட் இரண்டு மீட்டர் தருவது அடியில் நிமிர்ந்து நிற்பவனின் முதுகுக்காக.

கோர்ப்பது கழற்றுவதைவிடக் கடினம், அதைச் சொல்லாமல் விடுபவர்களே அதிகம். பெட்டி வெளியே இருக்கும்போதே கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். கிராங்க்கின் பின் சீல் கசிகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஃபிளைவீலில் நீலப் புள்ளியோ விரிசலோ இருந்தால் கடைசல் பட்டறைக்கு அனுப்பிச் சமப்படுத்த வேண்டும். பழைய காடியின் கிளட்ச் தூசியில் கல்நார் இருக்கக்கூடும். கம்ப்ரஸரால் ஊதுவதை விட்டுவிட்டு ஈரத் துணியால் துடைக்க வேண்டும், குழந்தைகள் விளையாடும் வாசலில் இது இன்னும் முக்கியம். தட்டை எந்தப் பக்கம் வைப்பது என்று அதிலேயே எழுதியிருக்கும், படிக்காமல் திருப்பி வைத்தவர்களும் உண்டு. நடுவில் மையப்படுத்த பழைய இன்புட் ஷாஃப்ட் துண்டு ஒன்று பட்டறையில் கேட்டால் கிடைக்கும்.

பெட்டியை ஏற்றும்போது எஞ்சினும் பெட்டியும் ஒரே கோட்டில் இருந்தால் அது கைக்கே போய் உட்காரும். உட்காரவில்லை என்றால் கோணம் தவறு. எஞ்சினைத் தாங்கும் சங்கிலியை இரண்டு சுற்று தளர்த்தியோ இறுக்கியோ பார்க்க வேண்டும். பெட்டியை ஏதாவது ஒரு கியரில் போட்டு டிஃபரன்ஷியலை மெல்லத் திருப்பினால் பற்கள் ஒன்றுக்கொன்று வழிவிடும். பெல்லில் போல்ட்டைப் போட்டு இழுத்து நெருக்குவது மட்டும் கூடவே கூடாது. அலுமினியக் காது உடையும், உடைந்த காதோடு விற்கப்படும் பெட்டிகள் கெடாய் போத்தோங்குகளில் ஏன் அவ்வளவு என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசியாக, ஷாஃப்ட்டுகள் உள்ளே போன பிறகுதான் எண்ணெய் ஊற்ற வேண்டும், நிரப்பும் துளையின் விளிம்பு வழியும்வரை. களைப்பில் எண்ணெய் ஊற்ற மறந்து காடியை எடுத்துப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டினால் பெட்டி தீர்ந்துவிடும். வட்டாரத்தில் சிலர் பெட்டியை ஏற்றியவுடன் காலிக் குப்பியை ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்கவிட்டு, எண்ணெய் ஊற்றிய பிறகே அவிழ்ப்பார்கள். நல்ல வழக்கம்.

பெட்டி எங்கிருந்து வருகிறது என்பது தனிக் கதை. புதிய பெட்டி வாங்குபவர் அரிது. ஜப்பானில் கழித்த காடிகளைப் பாதியாக வெட்டி, முன்பாதியை அப்படியே கிள்ளான் துறைமுகத்துக்கு அனுப்பும் ஹாஃப்கட் வணிகம் மலேசியக் காடி வேலையின் முதுகெலும்பு. சாகாவுக்கும் விராவுக்கும் மிட்சுபிஷி மிராஜ், லான்சர் பெட்டி. கஞ்சிலுக்கு டைஹாட்சு மிரா பெட்டி. 2009இல் தேசிய வாகனக் கொள்கையின் மறுஆய்வு இந்தப் பழைய பாக இறக்குமதியை 2011 ஜூன் முதல் தடைசெய்யப் போவதாக அறிவித்தது. வணிகர்களும் பட்டறைக்காரர்களும் எதிர்த்தார்கள், தடை அப்போது நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தால் சாகாவின் தலைமுறை பத்து வருடம் முன்னமே முடிந்திருக்கும். சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஆவணத்தில் எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் பதிவாகும். அதனால் எஞ்சினை மாற்றினால் இலாகாவிடம் போக வேண்டும், அதே வகைப் பெட்டியை மாற்றுவதற்கு அந்த அலைச்சல் இல்லை. பழைய பெட்டியை வாங்கும்போது இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பார்த்து, எண்ணெயை வடித்து, வடிகால் காந்தத்தில் ஒட்டியிருப்பது மெல்லிய சாம்பல் பசையா, பல் துண்டா என்று பார்த்தால் பாதிப் பயம் போகும். பாகங்கள் கிடைக்கும் சிங்க்ரோ கோளாறுகளில், பெட்டியையே திறந்து சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பது இன்னொரு பெட்டி வாங்குவதைவிட நல்ல முடிவு என்பேன். அதற்குப் பட்டறையும் அழுத்தக் கருவியும் வேண்டும், வாசலில் செய்யும் வேலை இல்லை அது.

அந்த இரண்டு லிட்டர் பழைய எண்ணெய் எங்கே போகிறது? தென்னையடிக்கு, வாய்க்காலுக்கு, சில வீடுகளில் கரையான் வராதிருக்க வேலிக் கட்டைக்கு. கழிவு மசகெண்ணெய் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணுள்ள அட்டவணைக் கழிவு, பட்டறைகள் அதைக் கணக்கெழுதி உரிமம் பெற்றவரிடம் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் ஒரு புட்டியில் அடைத்துப் பக்கத்துப் பட்டறையின் எண்ணெய்ப் பீப்பாயில் ஊற்றக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். இதில் அலட்சியம் கூடாது என்பதற்கு இந்த வட்டாரத்துக்கு நல்ல நினைவு உண்டு. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங்கில் கழிவு கலந்து சிலாங்கூர் ஆற்றின் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. விசாரணை கனரக இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறைப் பக்கம் திரும்பியது. அதே ஆறுதான் கம்போங் குவாந்தானின் மின்மினிகளைத் தாண்டிக் கோல சிலாங்கூரில் கடலில் சேர்கிறது.

பணக் கணக்கு மாறிவருகிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட். மாதச் சம்பளத்தில் காடித் தவணை, வீட்டு வாடகை போக மிச்சமிருப்பவருக்குப் பட்டறைக் கூலியை மிச்சப்படுத்துவது பொருள் உள்ள செயல்தான். ஆனால் ட்ராலி ஜெக், நல்ல ஸ்டேண்டுகள் நான்கு, டார்க் ஸ்பேனர், எஞ்சினைத் தாங்கும் குழாய் எல்லாவற்றையும் ஒரே வேலைக்காக வாங்கினால் மிச்சம் ஒன்றும் இராது. தோட்டத்தில் இந்தக் கருவிகள் ஒருவர் வீட்டில் இருந்தால் முழு லயமும் அவற்றைப் பயன்படுத்தியது. விடிந்ததும் நாலு பேர் தானாக வந்து நின்றார்கள். ஒருவன் பிரேக்கை மிதித்தான், ஒருவன் ஜெக்கைப் பார்த்துக்கொண்டான், ஒரு அக்கா டார்ச் பிடித்தாள், மிச்சப்பேர் அறிவுரை சொன்னார்கள். தாமானின் தொடர்வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரின் காடி நிற்கும் இடம் கை நீட்டும் தூரத்தில் இருக்கிறது, உதவிக்கு ஆள் கேட்டு வாட்சாப்பில் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டாவது ஆள் வராவிட்டால் வேலையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவதே அறிவு. தனியாக இறக்கலாம் என்று காட்டும் காணொளிகள் ஏராளம். அவை எடுக்கப்படுவது மட்டமான கான்கிரீட் கூடத்தில், கியர்பாக்ஸ் ஜெக் வைத்துக்கொண்டு.

படித்துச் செய்ய நினைப்பவருக்கு நூலும் இருந்தது. புரோட்டோன் 1989இல் பிரிட்டன் சந்தைக்குப் போனதால், காடியைக் கழற்றிக் கோர்த்துப் பார்த்துப் படமெடுத்து எழுதும் ஹேன்ஸ் நிறுவனம் அந்தக் காடிக்கும் ஒரு கையேடு போட்டது. மலேசியாவில் செய்த காடியைப் பழுதுபார்க்க சொமர்செட்டில் அச்சான புத்தகம், பழைய புத்தகக் கடையில் எண்ணெய்க் கறையோடு கிடைக்கும். அதில் உள்ள டார்க் அளவுகளுக்காகவே அது மதிப்புள்ளது. 'கையிறுக்கமாகப் போடு' என்று சொல்லும் நம் பழக்கத்துக்குப் பெட்டியின் அலுமினிய மரைகள் எத்தனையோ பலியாகியிருக்கின்றன. முறையாகக் கற்க விரும்பும் இளைஞருக்கு மலேசிய திறன் சான்றிதழ் இருக்கிறது. களும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறக்கட்டளையின் வளாகம் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிக்கிறது. தோட்டத்துக் கொட்டகையில் ஃபிட்டரின் கையாளாக நின்று கற்ற வழி அடைபட்ட பிறகு இப்படிப்பட்ட இடங்கள்தான் மிச்சம்.

அந்தக் கைக்கு வேலை எத்தனை நாள் இருக்கும் என்பது வேறு விஷயம். 2021 நவம்பரில் புதுப்பித்த மைவியில் மேனுவல் பெட்டி இல்லை, டி-சிவிடி என்ற தானியங்கிப் பெட்டி மட்டுமே. 2023இல் 22,000 ரிங்கிட்டுக்கு வந்த ஆக்ஸியா ஈ, பழைய உடலில் ஐந்து கியர் மேனுவலோடு வந்தது. அதை வாங்கியவர்கள் இன்னும் சில வருடங்களில் கிளட்ச் தட்டுக்காக வாசலில் ஜெக் வைப்பார்கள். அவர்களுக்கு மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். சிவிடி பெட்டியும் போல்ட்டுகளால்தான் எஞ்சினோடு இணைகிறது, தூக்கி இறக்குவது முடியாத காரியம் இல்லை. ஆனால் மாற்றிய பிறகு அதன் கட்டுப்பாட்டுக் கணினிக்குப் புதுப் பெட்டியைப் பழக்க ஸ்கேன் கருவி வேண்டும், எண்ணெயின் அளவைக்கூட வெப்பநிலை பார்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்த வேலையை வாசலில் தொடங்கலாம், முடிப்பது பட்டறையில்தான்.

சாகா, விரா, கஞ்சில், விவா, மேனுவல் பெஸ்ஸா, ஆக்ஸியா ஈ. மட்டமான கான்கிரீட், நான்கு ஸ்டேண்ட், கூட ஒரு ஆள், மழையில்லாத மாதம், காலை எட்டுமணிக்குத் தொடக்கம். இவை கூடினால் லிஃப்ட்டுக்காக யாரும் ஏங்க வேண்டியதில்லை. முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் காடியை மறுபடி ஒருமுறை தூக்கி, ஹப் நட்டையும் மவுண்டிங் போல்ட்டையும் ஷாஃப்ட் சீல் ஓரத்தையும் பார்த்துவிட வேண்டும். கிளட்ச் கேபிளின் தளர்வைப் புதுத் தட்டு படிந்த பிறகு இன்னொரு முறை சரிசெய்ய வேண்டிவரும்.